தகரத் தொட்டியைக் கண்டு ஓடிய நாய்

நீங்கள் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருப்பதாகப் பண்ணையில் சொன்னார்கள். பாலைவனத்துக்கு வேட்டைக்குப் போகும் நாய்களை இனி உங்கள் கையில்தான் விடப்போகிறார்களாம். “ரெஜினா அன்ரி, அவையளுக்கு ஏதாவது எழுதிக் குடுங்கோ” என்று கேட்டார்கள்.

நான் ஓய்வுபெற்றுப் பதினொரு மாதமாகிறது. ஒரு கதிரையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல இருக்க இன்னும் வரவில்லை. இதை எழுதத் தொடங்குவதற்குள்ளேயே மூன்று தடவை எழும்பி வீட்டைச் சுற்றி நடந்துவிட்டேன். ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பக்கம் மரக்கறி வாங்கப் போனால், கடை வாசலில் யாரோ கட்டிவைத்திருக்கும் நாயின் நாக்கைப் பார்த்தபடி நிற்கிறேன். நாக்கு ஒடுங்கி இருந்தால் கடைக்குள் போவேன். அகன்று, நுனி தட்டையாகத் தொங்கினால் நாய்க்குச் சூடு ஏறுகிறது என்று அர்த்தம்; சொந்தக்காரர் வரும்வரை அசையமாட்டேன். போன கிழமை ஒரு பெண் என்னை நாய் திருட வந்தவள் என்றே நினைத்துவிட்டாள்.

ஓட்டப் பயிற்சி, பாதத்தைக் கடினமாக்குவது, தீனி அளவு, முள் எடுக்கும் குறடு எல்லாம் உங்களுக்குத் தந்த கோப்பில் இருக்கும். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எங்கள் நாய்கள் ஈரப் புல்லில் வளர்ந்தவை. திரும்பிய பக்கமெல்லாம் குட்டை, ஓடை. மூன்றரை நாள் வண்டியில் போய் இறங்கினால் கல்லும் முள்ளும் வெயிலும். இங்கே ஒரு நாய்க்குத் தெரிந்த எதுவும் அங்கே உதவாது. அதற்கு உதவக்கூடியது நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். அதிலே பிழை இருந்தால், நாய்க்கு வேறு வழியில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. நாய்க்கூடு கழுவத்தான் எடுத்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். நான் பயிற்சிக்கு மாறிய முதல் மாதம், ஒரு நாய்க்குக் காலுறை போட்டுப் பழக்கச் சொன்னாள். முள்ளுக்காகப் போடும் ரப்பர் காலுறை. கழன்றுவிடாமல் மேலே ஒட்டுநாடா சுற்றவேண்டும். சுற்றினேன். நாயைச் சரளைக் கற்களில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். திரும்பி வந்தபோது பாதம் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. நாடாவை வெட்டி எடுத்து, பாதத்தைத் தேய்த்துவிட்டாள். பிறகு என் இடது கையைப் பிடித்து, மணிக்கட்டில் அதே நாடாவை, நான் சுற்றிய அதே இறுக்கத்தில் சுற்றினாள்.

“போய் வேலையைப் பார்.”

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இதற்கென்ன என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் விரல்கள் குளிர்ந்தன. ஒரு மணி நேரத்தில் வாளியின் பிடி கையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் வந்து நாடாவை வெட்டினாள்.

“நீ சுற்றியது பிழையில்லை,” என்றாள். “பிறகு போய்ப் பார்க்காததுதான் பிழை.”

அதை நான் பாடமாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது வருடம் வேலை செய்தேன். இப்போது கோப்பியின் கதைக்கு வருகிறேன்.

கோப்பி ஒரு ஆண் நாய். உடல் முழுவதும் கடும் மண்ணிறம், மார்பில் மட்டும் வெள்ளைத் தெறிப்பு. சொந்தக்காரர் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கும் ஜெயம். கூரை வேலை செய்தவர். ஒரு வீட்டுக் கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இரண்டு வருடம் வீட்டோடு கிடந்தார். முதல் வருடம் சோபாவை விட்டு எழும்பவேயில்லை என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார். கூட வேலை செய்த ஒருவர் குட்டியாக இருந்த கோப்பியைக் கொண்டுவந்து விட்டார். குட்டிக்கு நடக்க வேண்டும். அதற்காக ஜெயமும் நடந்தார். முதலில் தெரு முனைவரை, பிறகு பூங்காவரை, பிறகு எங்கள் பண்ணைவரை. எப்போதோ கூரைக்காரர்களுடன் வேட்டைக்குப் போய்ப் பழகிய மனிதர். பாலைவனத்தில் காடை வேட்டைக்குத் தன் நாயோடு போய்வந்தால் தான் முழு ஆளாகிவிட்டதாக நம்பலாம் என்றார்.

மார்கழியில் போகச் சொன்னேன். அவர் ஐப்பசியிலேயே, வேட்டைப் பருவம் திறந்ததும் போகவேண்டும் என்று நின்றார்.

“வெயில் இன்னும் அடங்கியிராது, தம்பி. கொஞ்சம் பொறுங்கோ.”

“ரெண்டு வருஷம் பொறுத்திட்டன் அக்கா. இனி ஏலாது. நாய் ரெடியோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ.”

நாய் தயார்தான். நான் பழக்கியவற்றுள் மிகச் சிறந்தவன். “ரெடி,” என்றேன். முதல் பயணம் என்பதால் நானும் கூடப் போனேன். பண்ணையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது.

அரிசோனாவில் முதல் நாள் விடியும்போதே இறங்கிவிட்டோம். ஒன்பது மணிக்கு வண்டிக்குத் திரும்பிவிடுவது என்பது திட்டம். அரை மணி நேரத்திலேயே கோப்பி மணம் பிடித்து உறைந்து நின்றான். ஒரு முன்னங்காலைத் தூக்கி, வால் நேராக, மூச்சுக்கூட விடாததுபோல. ஜெயத்தின் கண் கலங்கியது. ஆனால் அந்த நாட்டுக் காடை லேசில் பறக்காது, ஓடும். நாய் நின்ற இடத்துக்கு நாங்கள் போகும்போது கூட்டம் அடுத்த மேட்டில் இருக்கும். கோப்பி திரும்பவும் தேடிப் பிடிப்பான். நாங்கள் திரும்பவும் ஏறுவோம். இப்படியே ஒவ்வொரு மேடாக இழுபட்டுப் போனோம். நான் மணிக்கூட்டைப் பார்த்தபோது ஒன்பது. வண்டி ஒரு மணி நேரம் பின்னால். கொண்டுபோன தண்ணீரில் பெரும்பகுதி நாய்க்குள் போய்விட்டது. மிச்சம் இரண்டு லீற்றர்.

என் வரைபடத்தில், இருபது நிமிட நடையில், மாடுகளுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. வண்டிக்குத் திரும்புவதா, தொட்டிக்குப் போவதா? தொட்டிக்குப் போய், நாயை நனைத்து, நிழலில் விட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரும்பலாம் என்று முடிவெடுத்தேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்குக் குறை தெரியவில்லை. அதுதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது.

தொட்டி இருந்தது. வட்டமான தகரத் தொட்டி, விளிம்புவரை தெளிந்த தண்ணீர். ஜெயம் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். கோப்பி பத்து அடி தூரத்தில் நின்றான். முதுகு மயிர் சிலிர்த்தது. பக்கவாட்டில் விலகி, பெரிய வட்டமாகச் சுற்றி, எங்களுக்கு மறுபுறம் ஐம்பது மீற்றர் தள்ளிப் போய், சுடுகல்லின் மேல் நின்று எங்களைப் பார்த்தான்.

“பாம்பு இருக்குது அக்கா! கிட்டப் போகாதேங்கோ!”

நானும் அப்படித்தான் நினைத்தேன். பாம்பை விலக அவனைப் பழக்கியவளே நான். உள்ளுக்குள் சற்றுப் பெருமைகூட வந்தது. தடியால் தொட்டியைச் சுற்றித் தட்டினேன். கல்லைப் புரட்டினேன். ஒன்றுமில்லை. கூப்பிட்டேன், வரவில்லை. போய்ச் சங்கிலி போட்டு இழுத்தேன். இருபது அடி வந்ததும் ஒரு சத்தம் போட்டான். அடிபட்ட பிள்ளை கத்துவதுபோல. கழுத்துப் பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடினான். ஓடும்போது பின்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதின. நாக்கைப் பார்த்தேன். அகன்று, தட்டையாக, கடும் சிவப்பாகத் தொங்கியது.

இதற்குள் ஜெயம் துவக்கின் குழாயைத் தொட்டியின் அடியில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். “உதுக்குள்ளதான் எங்கேயோ படுத்திருக்கு. சுட்டுப்போட்டுத்தான் மறுவேலை!”

அந்த நேரத்தில் நான் தொட்டியைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், முதல் தடவையாகப் பார்த்தேன். இதே தொட்டி எங்கள் பண்ணையில் இருக்கிறது. மேற்கு மூலையில், களஞ்சியச் சுவரின் நிழலில். யூலை மாதத்தில் பாம்புப் பயிற்சியை அங்கேதான் வைத்தேன். கம்பிக் கூட்டில் நஞ்சில்லாத பாம்பு, அதன்மேல் நஞ்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு உரித்த சட்டை, பக்கத்தில் அதன் வால் கிலுகிலுக்கும் சத்தத்தை ஒலிக்கும் சிறு கருவி. நாய் மூக்கை நீட்டும்போது, கழுத்துப் பட்டியின் மின்னதிர்வை நான் கையிலிருக்கும் பொத்தானால் கொடுப்பேன். ஒரே தரம். அத்தோடு நாய் ஆயுளுக்கும் விலகிப் போகும். ஏன் அந்த மூலை? எனக்கு நிழல் வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்தது. பாம்புக் கூட்டை நான் தொட்டியில் சாய்த்து வைத்திருந்தேன். அன்று கோப்பி பாம்பைத் தேடி வரவில்லை. தாகத்தோடு தண்ணீர் குடிக்க வந்தான்.

பிறகு பண்ணையில் கூட்டுக்குள் கிண்ணத்தில் குடித்தான். வயலில் குட்டையில் குடித்தான். அந்தத் தொட்டிக்கு அவனைத் திரும்ப ஒருவரும் கூட்டிப் போகவில்லை.

இதையெல்லாம் நினைக்க எனக்கு இரண்டு மூச்சு நேரம் பிடித்திருக்கும். ஜெயத்திடம் சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். சொன்னால் என்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அடுத்த ஒரு மணி நேரம் அவர் என் சொல்லைக் கேட்டே ஆகவேண்டும். சொல்லாவிட்டால், இல்லாத பாம்பைத் தேடிக்கொண்டே இருப்பார். ஒரு வெடி வைத்தால் நாய் கண்காணாத தூரத்துக்கு ஓடி விழும்.

“தம்பி, துவக்கைத் திறந்து தோட்டாவை எடுங்கோ. பாம்பு இல்லை.”

“இல்லாமலோ அவன் உப்பிடிக் கத்துறான்?”

“தொட்டிக்குத்தான் பயப்படுறான். அந்தப் பயத்தை வைச்சது நான். உப்பிடி ஒரு தொட்டியடியிலதான் அவனைப் பழக்கினனான். என்ர பிழை. பேச நேரமில்லை. தொப்பியில தண்ணி அள்ளுங்கோ.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. துவக்கைத் திறந்து கல்லில் வைத்தார். தொப்பியை எடுத்தார்.

கோப்பி ஒரு முள்மரத்தின் அரைகுறை நிழலில் விழுந்து கிடந்தான். அங்கிருந்து தொட்டி தெரியாது. நல்லதாய்ப் போயிற்று. நாயைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டேன். தண்ணீரை நாங்கள் கொண்டுவந்தோம். என் மேற்சட்டை, ஜெயத்தின் சட்டை, இரண்டு தொப்பி, கையிலிருந்த வெறும் போத்தல்கள். ஐம்பது மீற்றர் போய், ஐம்பது மீற்றர் வந்து. வயிறு, தொடையிடுக்கு, பாதங்கள். துணியைப் போர்த்தி விட்டுவிடவில்லை. சூடேறியதும் எடுத்து மறுபடி நனைத்தேன். ஓடவேண்டாம் என்று ஜெயத்துக்குச் சொன்னேன். முதுகைப் பிடித்துக்கொண்டே ஓடினார்.

நாலாம் தடவையோ ஐந்தாம் தடவையோ வந்தவர் கோப்பியின் கீழே கையை விட்டுத் தூக்கப் பார்த்தார்.

“தூக்கிக்கொண்டு ஓடுவம். வண்டிக்குள்ள ஏசி இருக்கு.”

“ஒரு மணித்தியாலம் இந்த வெயிலுக்குள்ள தூக்கினால் வழியிலயே போயிடுவான். முதல் இங்க குளிரவேணும்.”

“உங்கட நாயில்லை அக்கா! உங்களுக்கென்ன!”

“ஓம். என்ர நாயில்லை. கையை எடுங்கோ.”

எடுத்தார். எப்படி எடுத்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் மட்டும் அவர் இடத்தில் இருந்திருந்தால் எடுத்திருக்கமாட்டேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கோப்பி தலையைத் தூக்கினான். உதட்டை விலக்கிப் பல் முரசைத் தொட்டுப் பார்த்தேன். செங்கல் நிறம் சற்று வெளுத்திருந்தது. தொப்பியை மூக்கருகில் வைத்தேன். தானாக நக்கினான். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அது தானாகக் குடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு மிகக் கொடுமையானது.

இனி நாயை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தொலைபேசி அங்கே எடுபடாது. தொட்டிவரை மாட்டுக்காரரின் வண்டித்தடம் ஒன்று வருகிறது. ஒருவர் நடந்துபோய் வண்டியைக் கொண்டுவர வேண்டும். நாயின் நிலை மறுபடி மோசமானால் பார்க்கத் தெரிந்தவள் நான். ஆகவே போகவேண்டியவர், முதுகெலும்பு நொறுங்கிய மனிதர். மிச்சமிருந்த நல்ல தண்ணீரை அவருக்குக் கொடுத்தேன். பிறகு, கல்லில் கிடந்த கோப்பியின் பட்டியை எடுத்து அவருடைய இடுப்பு வாரில் மாட்டினேன். அதில்தான் நாய் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி இருக்கிறது. திரை என் கையில்.

“இது ஏன்?”

“நீங்கள் எங்க விழுந்தாலும் எனக்குத் தெரியும்.”

போனார். நான் நாயை நனைத்தேன், திரையைப் பார்த்தேன், நாயை நனைத்தேன். புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. பாதிவழி தாண்டியதும் நின்றுவிட்டது.

ஒரு நிமிடம். மூன்று. ஐந்து. எழும்பினேன், இருந்தேன், எழும்பினேன். நாயை விட்டுப் போனால் நாய் சாகலாம். போகாவிட்டால் மனிதர் சாகலாம். பத்து நிமிடம் பார்ப்பது, பிறகு நாயை விட்டுவிட்டு ஓடுவது என்று எனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கோடு போட்ட பிறகு எழும்பி எழும்பி இருப்பதை விட்டு, துணியை நனைத்தேன். இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: காத்திருக்க வேண்டி வந்தால், எதுவரை என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். எட்டு நிமிடமானதும் கோப்பியைக் கடைசியாக ஒருமுறை முழுவதும் நனைத்து, சப்பாத்து நாடாவை இறுக்கினேன். ஒன்பதாம் நிமிடம் புள்ளி நகர்ந்தது.

முதுகு பிடித்துக்கொண்டதாம். கல்லில் இருந்தாராம். “இருந்து அழுதனான் அக்கா,” என்று வெகுகாலம் கழித்துச் சொன்னார்.

பக்கத்து ஊர் மிருக வைத்தியசாலையில் கோப்பிக்கு இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். வெயிலில் இனி வேலை செய்யக்கூடாது என்றார்கள்.

திரும்பி வரும் வழியில் முதல் நாள் முழுவதும் ஜெயம் என்னுடன் பேசவில்லை. நான் பின் இருக்கையில் நாயோடு இருந்தேன். என் பிழையை நினைத்து நினைத்து அதற்குள்ளேயே சுருண்டு போயிருந்தேன். இரண்டாம் நாள் வண்டிக்கு எண்ணெய் அடிக்க நிறுத்திய இடத்தில், கடதாசிக் குவளையில் தேநீர் கொண்டுவந்து யன்னலால் நீட்டினார்.

“அக்கா, ஒண்டு கேக்கிறன். உந்தத் தொட்டியடியில எத்தினை நாயைப் பழக்கினீங்கள்?”

குவளையை இருக்கையில் வைத்தேன். இத்தனை நாளாக நான் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற நாய்கள் மனதிலேயே வரவில்லை. எண்ணினேன். கோப்பியைத் தவிர இன்னும் பதினொன்று.

முதலில் தலைமைப் பயிற்சியாளரை அழைத்து முழுவதையும் சொன்னேன். “எல்லோருக்கும் நீயே அழை. இப்போதே,” என்றாள். ஓடும் வண்டியிலிருந்து பதினொரு பேருக்கும் அழைத்தேன். என்ன செய்தேன், எதைப் பார்க்கவேண்டும், ஏன் புறப்படக்கூடாது. சிலர் அமைதியாகக் கேட்டார்கள். யூனியன்வில்லில் ஒரு பெண், “நீங்கள் சொல்லாமலே விட்டிருக்கலாமே, ஏன் சொன்னீங்கள்?” என்று வியந்தார். ஒருவர் அன்று காலைதான் தெற்கே புறப்பட்டிருந்தார். வழியில் ஒரு பண்ணையில் நிறுத்தி, தன் நாயை மாட்டுத் தொட்டிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார். பத்து அடியில் நின்றுவிட்டதாம். என்னைத் திரும்ப அழைத்து, மூச்சு விடாமல் திட்டிவிட்டு, வண்டியை ரொறன்ரோவுக்குத் திருப்பினார்.

பண்ணைக்கு வந்ததும் தலைமைப் பயிற்சியாளர் என்னை மேற்கு மூலைக்குக் கூட்டிப்போனாள். “படு,” என்றாள். நெஞ்சு நிலத்தில் பட, நாயின் மூக்கு உயரத்தில் முகத்தை வைத்துக் கிடந்தேன்.

“என்ன தெரிகிறது?”

“பாம்புக் கூடு வைத்த இடம். தொட்டி. குழாய். களஞ்சியச் சுவர். உன்னுடைய சப்பாத்து.”

“நீ என்ன கற்பித்தாய் என்பது உனக்குத் தெரியும். அவன் என்ன கற்றான் என்று யார் பார்த்தது?”

அன்றிலிருந்து பாம்புக் கூட்டை வெறும் தரையில்தான் வைக்கிறோம், ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில். பயிற்சி முடிந்த மறுநாள், அந்த இடத்தைச் சுற்றியிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் நாயைக் கூட்டிப்போய்ப் பார்க்கிறோம். கோப்பில் இது ஒரு வரியாக இருக்கும். அந்த வரி எப்படி வந்தது என்று கோப்பில் இராது.

மாசி மாதம், பனி கொட்டிய ஒரு காலையில், ஜெயம் வந்தார். அவரோடு நான் அதற்குமுன் மூன்று மாதம் பேசியிருக்கவில்லை. கோப்பியின் சங்கிலியை என் கையில் தந்தார்.

“நீங்கள் வைச்ச பயத்தை நீங்களே எடுங்கோ அக்கா.”

“என்னை நம்பி விடுறீங்களோ?”

“நீங்கள் சொல்லாமல் மறைச்சிருந்தால், இவனை உங்களிட்ட விட்டிருக்கமாட்டன்.”

பதினாலு கிழமை, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தது. தொட்டியிலிருந்து நாற்பது அடி தள்ளித் தீனி வைத்தேன். பிறகு முப்பத்தெட்டு. சில நாள் ஓர் அடி முன்னேறி, மறுநாள் ஆறு அடி பின்னால் போனோம். பொறுமை என் குணமில்லை. அவன் தின்னும் நேரம் முழுவதும் நான் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு, என் நடையும் அவனுக்கு ஏதோ சொல்லிக்கொடுக்கிறது என்று உறைத்து, ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருக்கப் பழகினேன். வைகாசியில் ஒரு நாள் விளிம்பில் நாடியை வைத்துக் குடித்தான். ஜெயம் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார்.

அதன்பின் கோப்பி ஆறு வருடம் இருந்தான். எந்தத் தொட்டியிலும் குடித்தான். ஆனால் குடிக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டி, பின்கால் இரண்டையும் தூர ஊன்றி, ஓடுவதற்கு ஆயத்தமாகவே குடித்தான். வாய் என்னை மன்னித்துவிட்டது. கால்கள் கடைசிவரை நம்பவில்லை.